சுசித்ராவுக்குப் பிடித்த மாமியார்

"பீயைப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. உன் கால்ல வேணாலும் வுழறேன்" என்றாள் மனோரமா, மகளின் தலையில் மல்லிகைச் சரத்தைச் செருகிக்கொண்டே.

"அது என் வேலைம்மா."

"வேலதான், யாரு இல்லேன்னா? கவர்மென்ட் ஆராய்ச்சின்னு சொல்லு. அத்தோட நிறுத்து."

சுசித்ராவுக்கு முப்பத்திரண்டு வயது. ஐதராபாத்தில் காட்டுயிர் மரபணு ஆராய்ச்சி. விலங்கைப் பிடிக்க மாட்டாள், துரத்த மாட்டாள். அது போட்டுவிட்டுப் போனதை எடுத்து வந்து, அது ஆணா பெண்ணா, எந்தக் குடும்பம், யாருக்கு என்ன உறவு என்று சொல்லிவிடுவாள். ஏறக்குறைய இதே வேலையைப் பார்க்கும் கல்யாணத் தரகர் சிவப்பிரகாசத்துக்குத் திருத்தணியில் இருக்கும் மரியாதை அவளுக்கு இல்லை.

இதுவரை வந்த மூன்று வரன்களும் இங்கேதான் வழுக்கி விழுந்தன. சோளிங்கர்க்காரர்கள் கேசரியைத் தொடாமலே எழுந்து போனார்கள். சுசித்ரா வருத்தப்படவில்லை. அடுத்த மாதம் காட்டுக்குப் போகிறாள், திரும்பி வர ஆறு மாதம் ஆகும். போகாதே என்று சொல்லும் வீட்டுக்கு வாழ்க்கைப்படுவதில்லை என்பது அவள் முடிவு. எப்படியாவது ஒரு வீட்டில் அவளைச் சேர்த்துவிடுவது மனோரமாவின் முடிவு. அதற்காகப் பக்கத்து வீட்டு விசைத்தறியையே ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லியிருந்தாள்.

பதினோரு மணிக்கு அனுசுயா வந்தாள், தனியாக. திருவாலங்காட்டில் கரும்பு வைத்திருப்பவள். பையனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, லீவு கிடைக்கவில்லை, முதலில் அம்மா பார்க்கட்டும் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார்.

"இன்னா வேல பாக்கறம்மா?" என்றாள் அனுசுயா, காப்பியை வாங்கிக்கொண்டு.

"கவர்மென்ட் ஆராய்ச்சிங்க" என்றாள் மனோரமா.

"அதான், இன்னா ஆராய்ச்சி பண்ணிகினு இருக்கே?"

மனோரமா கண்ணாலேயே மகளைக் கும்பிட்டாள். பலனில்லை.

"காட்டுப்பூனைங்க. கரும்புக் கொல்லையில திரியுமே, அதுங்க. அதுங்க பீயை எடுத்தாந்து டெஸ்ட் பண்ணுவேன்."

மனோரமா கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். அனுசுயா எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"காஞ்சு போயிருந்தாலும் கண்டுபுடிச்சிடுவியா?"

"ரொம்ப வெயில் படலைன்னா முடியுங்க."

"இன்ன மிருகம்னு அடிச்சு சொல்லிடுவே?"

"ஆங். அது இன்னா தின்னுச்சுன்னுகூட சொல்லலாம்."

"கோர்ட்டுல ஒத்துக்குவாங்களா?"

"கோர்ட்டே எங்ககிட்டதாங்க அனுப்பும்."

"அடி சக்கை!" என்றாள் அனுசுயா.

மனோரமா தட்டோடு திரும்பி வந்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் விட்டுருவா."

"இன்னாத்துக்கு வுடணும்? இந்த மாதிரி வேல யாருக்குக் கெடைக்கும்?"

"அடுத்த மாசம் காட்டுக்குப் போறேங்க. வர்றதுக்கு ஆறு மாசம் ஆகும்" என்றாள் சுசித்ரா, ஆழம் பார்ப்பதுபோல.

"போய்ட்டு வா கண்ணு. அதுக்கு முன்னாடி நம்ம காரியத்த மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

பதினோரு வருட ஆராய்ச்சியில் இத்தனை அக்கறையாக யாரும் கேள்வி கேட்டதில்லை. அவளுடைய பேராசிரியர் உட்பட. பையன் எப்படி இருந்தால் என்ன, இந்த மாமியாருக்காகவே கழுத்தை நீட்டலாம் என்று சுசித்ராவுக்குத் தோன்றியது. அம்மாவின் காதருகே குனிந்தாள். "எனக்கு ஓகேம்மா."

மனோரமா திருத்தணி மலை இருக்கும் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பொண்ணுக்குப் புடிச்சுப் போச்சுங்க. மாப்பிள்ளை எப்ப வருவாரு?"

அனுசுயா கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, பக்தியோடு சுசித்ராவின் கையில் வைத்தாள்.

"கோழிக்கூண்டு பக்கத்துல கெடந்துச்சும்மா. தெருவுல பதினாலு கோழி காணோம். என் நாய்தான் தின்னுச்சாம், புடிச்சுகினு போய் எங்கியாவது வுட்டுடணுமாம். இது என் நாயி போட்டது இல்லேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு, போதும்."

சுசித்ரா டப்பாவைப் பார்த்தாள். "இதை நேரா லேபுக்கே கொண்டாந்திருக்கலாமேங்க?"

"கொண்டாந்தேனே! பேப்பர்ல உன் போட்டோவப் பாத்துட்டு ஐதராபாத்துக்கே ரயிலேறி வந்தேன். கேட்டுலயே தொரத்திட்டாங்க. அப்புறம் எங்க சிவப்பிரகாசம்தான் வழி சொன்னான். மாமியாருன்னு வந்தாத்தான் உக்கார வச்சு காப்பி குடுப்பாங்கன்னான்."

மனோரமா கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்போ... ரயில்வேல இருக்கற உங்க பையன்?"

"எனக்கு ஏது அக்கா பையன்? வூட்ல இருக்கறதே அந்த நாய் ஒண்ணுதான்."