யாருக்கு வசூல்?

"பிரீத்திக்குச் சின்ன வயசுங்க. அவங்க அம்மா கிட்னி பொருந்திடுச்சு. ஆபரேஷனுக்குத்தான் பணம் பத்தல" என்று செந்தாமரை பிரீத்தியின் படம் ஒட்டிய உண்டியலை நீட்டினாள்.

செஞ்சி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த தனகோட்டி ஐந்நூறு ரூபாய் போட்டார். "வெயில்ல வந்துருக்க, மோர் குடிம்மா."

"வேணாங்க."

ஒரு வாரமாக அவள் கடைகடையாக ஏறி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அந்தப் பொண்ணு உனக்கு இன்னா வேணும்? தங்கச்சியா?"

"உறவு இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு இப்படி அலையிற?"

"டயாலிசிஸ்ல எனக்குப் பக்கத்து பெட்டுங்க அவ."

தனகோட்டிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "உனக்கும் கிட்னி போச்சா?"

"ஆறு வருஷமாச்சுங்க. மோர்கூட அளந்துதான் குடிக்கணும்."

"அப்ப உனக்குன்னு வசூல் பண்ணிக்க வேண்டியதுதானே?"

"என் இதயம் ஆபரேஷனைத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அவ தாங்குவா. இனிமே டயாலிசிஸுக்கு வர வேணாம்னு ஒருத்தியாவது கெளம்பிப் போறத நான் பாக்கணும்."

தனகோட்டி கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"உண்டியலை இப்படிக் குடு. அடுத்த கடைக்கு நானும் வர்றேன்."