கீழே இருந்த குழாய்

கீழே இருந்த குழாய்தான் அதிகமாக ஒளிர்ந்தது.

மின்மினி ஊதா விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். அதேதான். மேலே போய் வந்த குழாய் மங்கலான பச்சை. கீழே இருந்தது கண்ணைப் பறிக்கிற பச்சை.

தலைகீழ்.

இரண்டிலும் ஒரே டி.என்.ஏ., ஒரே நானோ துகள். கதிர்வீச்சு பட்டு இழை எங்கே அறுந்தாலும் துகள் அங்கே போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். அவள் செய்த துகள். ஆய்வகத்தில் அவளுக்கு மின்மினி என்று பேர் வந்ததே அதனால்தான்.

ஒரு குழாயைப் பலூனில் கட்டி, கதிர்வீச்சு கொட்டும் உயரத்துக்கு அனுப்பி இறக்கியிருந்தார்கள். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க. சும்மா இருப்பதுதான் அதன் ஒரே வேலை.

அதைக்கூட அது ஒழுங்காகச் செய்யவில்லை.

நாளை நிபுணர் குழுவிடம் காட்ட வேண்டும். இதைக் காட்டினால் மூன்று வருட ஆராய்ச்சி அம்பேல்.

சீனியர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். “எங்க வச்சிருந்த இத?”

“மேடம் டிராயர்ல.”

“அப்ப சரி. அந்த ரூம்ல ஒரு வாரம் இருந்தா யாரா இருந்தாலும் அறுந்துதான் போவாங்க. வானமெல்லாம் எம்மாத்திரம்?”

டெக்னீஷியன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழு மாத வயிறு.

சிரிக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

ஆய்வகத் தலைவியான மேடம் நீண்ட விடுப்புக்குப் பிறகு போன வாரம்தான் வந்தார். இந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் பட்டு ஸ்கார்ஃப். வெளிநாடு போய் வந்த மவுசு என்று பேசிக்கொண்டார்கள். வந்ததிலிருந்து கதவு சாத்தியே கிடந்தது. அடுத்த அறையில் இருப்பவரிடம் போனில் பேசினார். தான் குடித்த டம்ளரை யாரையும் தொட விடவில்லை. இந்தக் குழாயைக்கூட இன்று காலை வாசலில் தரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகாராணி என்று சீனியர் பேர் வைத்தான்.

நலம் விசாரிக்கப் போன அக்காவை, “வெளிய போ!” என்று கத்தி விரட்டினார். அதோடு விடாமல் அவள் மேசையையும் வராந்தாவின் கோடிக்குத் தூக்கிப் போடச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி என்றுகூடப் பார்க்கவில்லை.

மின்மினி இரண்டு குழாய்களையும் கை விளக்கையும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

“திறந்துதான் இருக்கு. அங்கயே நில்லு.”

வாசலிலேயே நின்றாள். விளக்கை அடித்துக் காட்டினாள். மங்கலான பச்சை. பளீர்ப் பச்சை.

“எது கீழ இருந்தது?”

பளீர்ப் பச்சையை உயர்த்தினாள். திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது மேடம் ஸ்கார்ஃபை அவிழ்த்திருந்தார். கழுத்தின் குறுக்கே, இன்னும் சிவப்பு மாறாத தையல்.

“தைராய்டு. எடுத்துட்டாங்க. மிச்சம் மீதிய அழிக்கக் கதிர்வீச்சு மருந்து ஒண்ணு குடுத்தாங்க. கொஞ்ச நாளைக்கு என் உடம்புலேர்ந்தே கதிர்வீச்சு வருமாம், பக்கத்துல யாரும் வரக் கூடாது. வீட்டுல இருன்னாங்க. சுவத்த எவ்வளவு நேரந்தான் பாக்கறது?”

மின்மினி குழாயைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள்.

“அப்ப உன் துகள் வேலை செய்யுதுடி! ஆகாசத்தவிட நான் ஜாஸ்தியா?”

கேட்ட குரலில் பெருமை வழிந்தது.

“வெளிய மூச்சு விடாத. மகாராணின்னு திட்டினா தாங்கிக்குவேன். பாவம்னு பாத்தா தாங்க மாட்டேன்.” ஸ்கார்ஃபை மறுபடி சுற்றிக்கொண்டார். “நாளைக்கு என்ன சொல்லப் போற?”

நடந்ததைச் சொன்னால் மூன்று வருடமும் பிழைத்துவிடும்.

“வச்ச இடம் சரியில்லைன்னு சொல்றேன், மேடம். திரும்பச் செய்யறேன்.”

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். வராந்தாவில் டெக்னீஷியன் அக்கா, கையெழுத்து வாங்க ஏதோ காகிதத்தோடு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“அங்கயே நில்லுங்க! போங்க, உங்க இடத்துக்குப் போங்க!”

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மின்மினிக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும்தான்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ரெண்டு நிமிஷம் உள்ள போய்ட்டு வந்ததுக்கே குட்டி மகாராணி ஆயிட்டியாடி?”

மின்மினி காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அக்கா வராந்தாவின் கோடிக்குப் போய் உட்காரும்வரை வழியை மறித்தபடி நின்றாள்.