ஜெபின் ஏற்றுக்கொண்ட நேரம்

ராஜபாளையத்து மாலைக் கணினி வகுப்பில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பழகச் சொன்னார்கள். வீட்டிலிருந்த பென் டிரைவைக் கொண்டுபோனேன். அதில் ஜெபின் அண்ணனின் ஆர்குட் பக்கம் இருந்தது. ஒரு காலத்தில் அண்ணனின் சிநேகிதர்கள் எல்லோரும் ஆர்குட் என்ற அந்த இணையதளத்தில்தான் கிடந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விலகினார்கள். 2014இல் அதை மூடும் முன் அவன் சிநேகிதர் ஆஸ்டின் அண்ணன் இந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தந்தார்.

2010இல் ஜெபின் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு ராஜபாளையத்துக்குப் போய்த் தங்கினான். போனை எடுக்கவில்லை. "வீட்டுக்கு வாலே" என்று ஆர்குட்டில் எழுதும்படி அம்மா ஆஸ்டினிடம் சொன்னாள். அங்கே ஒருவரைப் பற்றி எழுதினால், அவர் ஏற்ற பிறகுதான் பக்கத்தில் தெரியும். அவர் எழுதிய நான்காம் நாள் விபத்தில் ஜெபின் இறந்தான். நகலில் அம்மாவின் வரி இல்லை. மகன் படித்துவிட்டு மறுத்தான் என்றே அம்மா இதுவரை நம்பினாள்.

இன்று அந்த வரி இருந்தது. முன்பு நான்தான் கவனிக்கவில்லையோ என்று நான்கு முறை பார்த்தேன். ஏற்றுக்கொண்ட நேரம், இன்று மாலை 6.40.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"பதினஞ்சு வருசமா யோசிச்சிருக்கான், கல்லுளிமங்கன்."

"அம்மா, அவனை நாமதான அடக்கம் பண்ணினோம்?"

"ராஜபாளையத்துல இருந்து அரை மணி நேரந்தான் ஏட்டி. இன்னொரு ஆழாக்கு அரிசி போடு."

போட்டேன். ஜெபினுக்கு அப்போது இருபத்தொரு வயது. எனக்கு இப்போது இருபத்தைந்து. வந்து நின்றால் அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.