நம்ம வீட்டு முடி

சீப்பில் சிக்கியிருந்த மனைவியின் முடிகளை அவர் ஒவ்வொன்றாக உருவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே நீளமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, டிஷ்யூ காகிதத்தில் பத்திரமாக வைத்து மடித்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் இத்தனை ஆசையா என்று, பார்ப்பவர்கள் உருகிப் போயிருப்பார்கள்.

மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"இன்னைக்கு வேணாங்க. நம்ம கல்யாண நாள். இன்னைக்கு ஒரு நாளாவது முழுப் பணம் கொடுத்து மனுஷங்க மாதிரி சாப்பிடுவோம்."

"கல்யாண நாள்னு சொன்னா ஒரு துண்டு கேக்கைக் கொடுத்துக் கை தட்டுவான். முடின்னு சொன்னா பாதி விலை. எது லாபம், நீயே சொல்லு."

அலுவலகத்தில் அவருக்குத் 'தள்ளுபடி சார்' என்றுதான் பெயர். இந்தக் கப்பல் பயணம் மகள் எடுத்துக் கொடுத்தது. டிக்கெட்டோடு சாப்பாடும் சேர்த்தி. கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தில் வயிறு வெடிக்கும்வரை சாப்பிடலாம். மேல்தளத்தில் இருந்த ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட்டுகளுக்கு மட்டும் தனிக் கட்டணம். அங்கே சாப்பிடாமல் இருக்க நாக்கு விடவில்லை, பணம் கொடுக்க மனசு விடவில்லை. கடைசியில் அவர் கண்டுபிடித்த வழிதான் முடி.

தினமும் ஒரு புது ரெஸ்டாரன்ட். தட்டு பாதி காலியானதும், தண்ணீர் கேட்டு அவர் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார். அந்த நேரம் பார்த்து மனைவி கைப்பையிலிருந்து முடியை எடுத்து அவர் தட்டில் போட வேண்டும். 'பாதிக்கப்பட்டவன் கை சுத்தமா இருக்கணும்' என்று அதற்கு ஒரு சட்டம் வேறு வைத்திருந்தார். அப்புறம் அவர் அதைக் கண்டுபிடித்து அலறுவார், மேனேஜர் ஓடி வருவார், பில் பாதியாகும்.

"நேத்து அந்தப் பரிமாறுற பொண்ணு மேனேஜர்கிட்ட திட்டு வாங்கிக் கண் கலங்கி நின்னுச்சு. அதுதான் போகுதுன்னா, அவங்க அந்தப் பக்கம் போனதும் முடியில ஒட்டியிருந்த சாஸை வாயில வச்சு உறிஞ்சினீங்களே... கருமம்!"

"நம்ம வீட்டு முடிதானே! அதுல என்ன அருவருப்பு? பாதிக் காசு கொடுத்த சாஸை வீணாக்கச் சொல்றியா?"

"மானம் கப்பலேறுதுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லுவாங்க. எனக்கு நிஜமாவே ஏறிடுச்சு. இனிமே என் கையால முடியாதுங்க."

"இதையேதான் தினமும் சொல்றே!" என்று சிரித்தபடி டிஷ்யூவை அவள் கைப்பையில் திணித்தார். அதுவும் உண்மைதான். தினமும் இப்படிச் சொல்லிவிட்டு, அவர் முறைத்த முறைப்பில் தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று போனது கப்பலிலேயே விலை கூடிய ரெஸ்டாரன்ட். மேஜைகளுக்கு எதிரிலேயே அடுப்பு இருந்தது. தாடிக்காரத் தலைமைச் சமையல்காரர் நெருப்பில் இறைச்சியைப் புரட்டிப் புரட்டி வாட்டுவதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

மனைவி சூப்பைக்கூடத் தொடவில்லை. அவரோ ஆட்டு விலா எலும்பைச் சப்பி, விரல்களை நக்கி, மோவாயில் வழிந்த சாஸைப் புறங்கையால் துடைத்து அதையும் நக்கினார். பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தட்டு பாதி காலியானதும் வழக்கம்போலத் திரும்பினார்.

"தண்ணி கொஞ்சம்!"

நிதானமாக இந்தப் பக்கம் திரும்பித் தட்டைக் கிளறினார். சட்டென்று எதுவும் தென்படவில்லை. மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் எலும்பைப் புரட்டியதும் கண்ணில் பட்டது. குட்டையாக, சுருண்டு, சாஸில் நன்றாக ஊறிக் கிடந்தது.

தினமும் நீள முடி என்றால் சந்தேகம் வருமென்று வெட்டிப் போட்டிருக்கிறாள். பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"உவ்வே! முடி! என்ன கண்றாவி இது!"

ரெஸ்டாரன்ட்டே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் முகம் வெளிறிப்போய் ஓடி வந்தார். பின்னாலேயே தலைமைச் சமையல்காரரும் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ரொம்ப மன்னிக்கணும் சார். இன்னைக்கு உங்களுக்குப் பில்லே கிடையாது. வேற தட்டு வச்சுத் தர்றோம்."

"வேற தட்டு வரட்டும். இதை எடுக்காதீங்க. சாட்சிக்கு இருக்கட்டும்."

இருவரும் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவர் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

"பார்த்தியா? பாதி இல்ல, முழுசும் தள்ளுபடி! இதைவிடப் பெரிய கல்யாண நாள் பரிசு யாரு தருவா?"

மனைவி எதுவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முடியை இரு விரலால் எடுத்து, உதடுகளுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக உறிஞ்சினார். ஒரு முறை போதாதென்று இன்னொரு முறையும் உறிஞ்சினார்.

"ம்ம்... என்ன இருந்தாலும் நம்ம வீட்டு முடி!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றொரு கையால் கைப்பையைத் திறந்து, மடிப்புக் கலையாத டிஷ்யூவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் போடவே இல்லைங்க."