மூச்சுக்காரி

கால் தரையில் பட்டதும் அவள் கயிற்றை இருமுறை இழுத்தாள்.

மேலே யாரோ கைதட்டினார்கள்.

தலை விளக்கைத் திருப்பினாள். சுவர் மினுங்கியது. சுண்ணாம்புக்கல் கஞ்சிபோல் வழிந்து, வழிந்தபடியே இறுகியிருந்தது. தரையில் ஒரு காலடித் தடம் இல்லை. வௌவால் எச்சம்கூட இல்லை.



குன்றின் உச்சியில் இருந்த கற்குவியலை இன்று காலைதான் அகற்றினார்கள். யாரோ எப்போதோ கையால் அடுக்கி அடைத்த கற்கள். கடைசிக் கல்லை நெம்பியதும் உள்ளிருந்து காற்று சீறிக்கொண்டு வந்து பேராசிரியர் லிம்மின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல் கத்தினார்கள். துளை குறுகல். ஆய்வுக் குழுவில் ஒல்லியானவள் அவள்தான்.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. எதையும் தொடாதே என்றார் லிம். முகக்கவசத்தைக் கழற்றாதே. ஒரு விரல் பட்டாலும், ஒரு மூச்சு பட்டாலும் பழைய தடயம் கெட்டுவிடும். அப்புறம் குரல் தாழ்ந்தது. என்னதான் தெரிகிறது என்று கேட்டார்.

அவள் சொல்லத் தொடங்கி, நிறுத்தினாள்.

எதிர்ச் சுவரில், இடுப்புக்கும் கீழே, ஒரு சின்ன வெளிச்சம்.

அருகில் போனாள். விரல் நுழையும் அளவு துளை. அதன் வழியே சூடத்தின் வாசம் வந்தது.

குனிந்து பார்த்தாள். ஒரு தட்டு. தட்டில் ஒரு சுடர். மஞ்சள் புடவையில் ஒரு மேடிட்ட வயிறு.

அவளுக்குப் புரிந்தது. அடிவாரக் கோயிலின் பின்பக்கத்தில் நிற்கிறாள். மூச்சுக்காரி அம்மனின் பின்பக்கத்தில்.

அந்தக் கதை அவளுக்கும் தெரியும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன பெண் ஒருத்தி. நிறைமாதம். கங்காணியின் பிரம்புக்குப் பயந்து குன்றுக்கு ஓடிவந்தாள். பாறை திறந்து அவளை வாங்கிக்கொண்டு மூடியது. அவள் விடும் மூச்சுதான் இன்னும் துளை வழியே வருகிறது. பிள்ளைத்தாய்ச்சிகள் அதன் முன்னால் சூடம் ஏற்றுவார்கள். மூச்சு பட்டுச் சுடர் அணைந்தால் பிள்ளை தங்கும்.

அணையாமல் எரிந்து தீர்ந்தால் என்ன என்பதை யாரும் சொல்வதில்லை.

சுடர் அசையவில்லை. குச்சிபோல் நேராக நின்றது.

அவள் மேலே பார்த்தாள். துளையில் ஆகாயம் வட்டமாகத் தெரிந்தது. அதை நோக்கி அவளுடைய கயிறு ஆடிக்கொண்டிருந்தது. குகைக் காற்றெல்லாம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் திறந்த வழி.

“ரெண்டாவதும் நின்னு எரியுது. அண்ணி வந்தா மட்டும் அம்மா மூச்ச புடிச்சிக்கிறா போல” என்றது ஒரு இளம் குரல்.

“நீ கொஞ்சம் தள்ளி நில்லுலா. நீ விடற மூச்சுல அணைஞ்சா அது சேர்த்தி இல்ல” என்றார் பூசாரி.

யாரோ சிரித்தார்கள். மஞ்சள் புடவை சிரிக்கவில்லை.

சுடர் சுருங்கியது. நீலமானது. தானாகத் தீர்ந்தது.

“இன்னும் ஒன்னுதான் யோகேஸ்வரி” என்றார் பூசாரி. “மூனுக்கு மேல வைக்கிறதில்ல. தெரியுமில்ல.”

“தெரியும் ஐயா.” மஞ்சள் புடவையின் குரல் மிக மெதுவாக வந்தது. “போன ரெண்டு வாட்டியும் மூனும் நின்னுதான் எரிஞ்சுச்சு. ரெண்டு பிள்ளையும் தங்கல.”

பூசாரி தட்டைத் துடைத்து மூன்றாவது சூடத்தை வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அம்மா மேல் குற்றமில்லை, மேலே ஒரு ஓட்டை போட்டுவிட்டோம் என்று. பாறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

இன்னும் கிட்டே பார்க்க மண்டியிட்டாள்.

முழங்கால்கள் இறங்கின.

விளக்கைத் தாழ்த்தினாள். தரையில் இரண்டு குழிவுகள். அவளுடைய முழங்கால்கள் அவற்றில் இருந்தன. துளையின் இரு பக்கமும், சுவரில், உள்ளங்கை அளவில் இரண்டு. துளையைச் சுற்றிலும் ஒன்று. அது ஒரு முகத்தின் கீழ்ப்பாதி பொருந்தும் அளவு.

உளித் தழும்பு இல்லை. படிக்கட்டு தேய்வதுபோல் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தின் மேல் பாலில் ஏடு படிவதுபோல் சுண்ணாம்பு படிந்திருந்தது. அப்படிப் படிய எவ்வளவு காலம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

கோயிலுக்கு முன்னால். பால்மரங்களுக்கு முன்னால். கப்பலில் வந்த தமிழர்களுக்கு வெகு காலம் முன்னால்.

இங்கே மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவர் இல்லை. ஒருவருக்குப் பின் ஒருவராக, கல் தேயும் வரை. காற்று நின்றுபோன நாள்களில் எல்லாம்.

அப்படியென்றால் அந்தப் பக்கமும் யாரோ நின்றிருக்கிறார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிரிப்பு வந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது.

வாக்கிடாக்கி மறுபடியும் கரகரத்தது. லிம் கேட்டுக்கொண்டே இருந்தார். சுவரில் ஏதாவது இருக்கிறதா, ஏதாவது?

அதை அணைத்தாள்.

கையுறைகளைக் கழற்றினாள். பிறகு முகக்கவசத்தை.

உள்ளங்கைகளை வைத்தாள். கல் ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. முகத்தைக் கொண்டுபோனாள். தாடை பொருந்தியது.

அந்தப் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம்.

அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.