இடத்தோள் சால்வை

"இந்தப் படத்துல இரிக்கிற மாதிரியே, சால்வையோட தெச்சித் தர ஏலுமா புள்ள?"

மூன்று வாரத்துக்கு முன் ஹிதாயா டீச்சர் இர்ஷானாவிடம் அப்படித்தான் கேட்டார். இப்போது திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம், தையல் மெஷினுக்கு முன்னால், இர்ஷானா காத்திருந்தாள்.

கேட்காத ஒரு வேலையை அவள் அந்தக் கவுனில் செய்திருந்தாள்.

படம் இன்னும் சுவரில் ஒட்டியிருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்காரியை உட்காரவைத்து வரைந்ததாம். சித்திரப் பாட டீச்சருக்குத் தெரியாததா. கத்தரிப்பூ நிற வெல்வெட் கவுன். இடத்தோளிலிருந்து மடிவரை கனத்த சால்வை. அதன் ஒவ்வொரு குஞ்சத்தையும் ஓவியன் பொறுமையாக வரைந்திருந்தான்.

"இவவுக்கு வேர்க்காதா டீச்சர்? காத்தான்குடி வெயிலுக்கு நீங்க வெந்துருவீங்க" என்று இர்ஷானா அன்று பகிடி பண்ணினாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை தங்கச்சியின் கலியாணம். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் மேலே போட்டிருக்கும் அபாயா அங்கியைக் கழற்றிவிடுவார்கள். இரண்டு வருடமாக, போன கலியாண வீடுகளிலெல்லாம் குளிருது என்று சொல்லி அபாயாவோடேயே இருந்தவர் அவர். சொந்தத் தங்கச்சியின் கலியாணத்தில் அந்தச் சாக்கு எடுபடாது.

அளவு நாடாவோடு இர்ஷானா கிட்டப் போனபோது டீச்சர் தள்ளி நின்றார். பழைய சட்டை ஒன்றைத் தந்து, இதை வைத்து வெட்டு என்றார்.

அதை உட்புறம் திருப்பியபோதுதான் இர்ஷானா கண்டாள். இடப்பக்க மார்பில் மட்டும் நாலைந்து துருப்புள்ளிகள். நாளும் அங்கே எதையோ மடித்து வைத்து ஊசியால் குத்தியிருக்கிறார்.

டீச்சர் ஆறு மாத லீவில் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது ஊருக்குத் தெரியும். எதை இழந்துவிட்டு வந்தார் என்பது தெரியாது.

சால்வை எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

கவுனின் இடப்பக்கத்தில், உள்ளே, வலப்பக்கத்தின் அளவுக்கே ஒரு பஞ்சுப் பையை அவள் தைத்துவிட்டாள். உன்னிடம் யார் கேட்டது என்று டீச்சர் கேட்கக்கூடும்.



திரையை விலக்கிக்கொண்டு டீச்சர் வெளியே வந்தார். அபாயாவோடுதான் வந்தார். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் இர்ஷானா தரையைப் பார்த்தாள்.

அபாயாவின் ஓரத்துக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு, கத்தரிப்பூ நிற வெல்வெட் தெரிந்தது.

மடித்த சால்வையை மெஷினின் மேல் வைத்துவிட்டு, டீச்சர் படியிறங்கிப் போனார்.