எண்ணி நடந்தவர்

"இந்தம்மாவ வெச்சுக்கிட்டு இனிமே என்னால வேலை பார்க்க முடியாது சார்" என்றேன் மேனேஜரிடம்.

"அப்படி என்ன பண்ணாங்க?"

"நடக்கிறாங்க சார். எண்ணி எண்ணி நடக்கிறாங்க."

நான் சர்வேயர். நிலத்தில் எது மேடு, எது பள்ளம் என்று லெவல் மெஷினில் பார்த்துச் சொல்பவன். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன டெலஸ்கோப் அது. எனக்குப் பின்னால் ஒருவர் அளவுக் கம்பைப் பிடித்து நிற்பார். கம்பில் தெரியும் எண்ணைப் படிப்பேன். பிறகு அவர் என்னைத் தாண்டி முன்னால் போய் நிற்பார். மறுபடி படிப்பேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

ஆபீசில் எனக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். என் கணக்கு அந்த அளவுக்குக்கூடத் தப்பாதாம். நானாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. யாராவது மறந்தால் ஞாபகப்படுத்துவேன், அவ்வளவுதான்.

கம்பு பிடிக்கும் அந்த அம்மா, மெஷின் வரைக்கும் உதடு அசைய எண்ணிக்கொண்டே வருவார். மெஷினைத் தாண்டியதும் முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்.

"போதும்மா, அங்கயே நில்லுங்க!" என்று கத்துவேன்.

"இன்னும் நாலடி சார்" என்று போய்த்தான் நிற்பார்.

மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க என் குறிப்பு வேண்டும். 'மிகவும் மெதுவானவர், தேவையில்லை' என்று எழுதி நீட்டினேன். கையெழுத்துகூட அன்றைக்கு அழகாக விழுந்திருந்தது.

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அவங்க வேலையே போயிடும். யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"வேலைன்னு வந்துட்டா எனக்கு முகதாட்சண்யம் கிடையாது சார்."

மாதம் முடியும்வரை அந்த அம்மாவை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார்கள். எனக்குப் புதிதாக ஒருவர் வந்தார். நாற்பது வயது, நெட்டைக் கால். நான் குறித்துக்கொண்டு நிமிர்வதற்குள் எங்கேயோ தூரத்தில் போய்க் கம்போடு நிற்பார். மூன்று மணி நேர வேலை ஒன்றரை மணியில் முடிந்தது. மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன்!

கிளம்பிய கல்லுக்கே திரும்பி வந்து கணக்குப் போட்டேன். வித்தியாசம் பூஜ்யம் வரவேண்டும். நாலு சென்டிமீட்டர் வந்தது. நான் ஒரு சுற்று போய்விட்டு வருவதற்குள் கல் பூமிக்குள் இறங்கிவிட்டதாம்.

மறுபடி போனேன். மறுபடி நாலு. கல்லைக்கூடக் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

"கம்பைச் சாய்ச்சுப் பிடிச்சீங்களா?"

"நேராத்தான் சார் பிடிச்சேன். மெஷினச் செக் பண்ணிப் பாருங்க."

"என் மெஷினையா?"

அவர்மேல்தான் தப்பு என்று காட்டுவதற்காகவே செக் பண்ணினேன். இரண்டு முளை அடித்து, நட்டநடுவில் மெஷினை வைத்துப் பார்த்தேன். பிறகு ஒரு முளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் ஒரே விடை வரவேண்டும். வரவில்லை. டெலஸ்கோப் ஒரு இழை மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

தூரம் கூடக்கூட இந்தத் தப்பும் கூடும். ஆனால் பின்னாலும் முன்னாலும் ஒரே தூரம் இருந்துவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே தப்பு. கழித்தால் காணாமல் போய்விடும். இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் நான்.

அந்த அம்மா எதற்கு எண்ணி நடந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மெஷின் எப்போது கெட்டது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. நாலு வருஷம் முன்னால், திருகைச் சரியாக முறுக்காமல் அதைக் கீழே போட்டது சாட்சாத் மில்லிமீட்டர்தான். பார்த்தது அந்த அம்மா மட்டும். ஊதித் துடைத்து, "ஒண்ணும் ஆகல" என்று நானே தீர்ப்புச் சொல்லிப் பெட்டியை மூடினேன்.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். அவர் என் குறிப்பை எடுத்து என்னிடமே கொடுத்தார். கிழித்துப் போட்டேன்.

"வேலை நிச்சயம்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார்.

ஸ்டோர் ரூமில் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு சார்" என்றார். என்னைப் பிடுங்கித் தின்றது வெட்கம்.

"மெஷின் கெட்டுப் போனது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மறுநாளே தெரியும் சார். நீங்க சாப்பிடப் போனப்ப வெச்சுப் பார்த்தேன். எத்தனை வருஷமா கூடவே நிக்கிறேன், இதுகூடத் தெரியாதா?"

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அப்ப உங்களுக்கு வேலை நிரந்தரம் ஆகலியே சார். ரிப்பேருக்குப் போனா, யாரு கீழ போட்டதுன்னு கேப்பாங்க. அது முடியட்டும்னு இருந்தேன்."

"அதான் ஆறே மாசத்துல ஆயிடுச்சே! அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

அந்த அம்மா துணியை மடித்துப் பெட்டிமேல் வைத்தார்.

"ரெண்டு மூணு தடவை சொல்லத்தான் வாயெடுத்தேன் சார். ஆனா நீங்க உங்கள நெனச்சு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. கெடுக்க மனசு வரல."